மொறிஸ் மைனரின் எடையும் இன்றைய வாகன வரியும்

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்று தொடக்கம் வாகனம் பற்றிய பேச்சு முழுவதும் விலையைச் சுற்றியே நடக்கிறது. வரி எத்தனை வீதம், டொலர் கையிருப்பு தாங்குமா, எந்தக் கார் எத்தனை கோடிக்குப் போகும் என்பவையே கேள்விகள். அந்த வாகனங்களின் எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அதைக் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம். அதற்கு எங்கள் பழைய கார்களிலிருந்து தொடங்குவது வசதி.

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம்தான் முதலில் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் "அது அந்தக் காலத்து இரும்பு, இப்ப வாறதெல்லாம் தகரம்" என்பார்கள். தகடு தடிப்பாக இருந்தது என்பது உண்மை. ஆனால் தராசில் ஏற்றினால் கணக்கு மாறிவிடும். 1948இல் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனரின் எடை ஏறத்தாழ 775 கிலோ. ஏ40 சோமசெட் ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1959இல் தந்த முதல் மினி கார் 600 கிலோ அளவில்தான் இருந்தது. அதே பெயரில் இன்று வரும் மினி அதைப்போல் இரண்டு மடங்கு.

பழைய கார்கள் எல்லாமே இலேசானவை என்று சொல்ல வரவில்லை. 1959ஆம் ஆண்டின் அமெரிக்க கடிலாக் இரண்டு தொன்னைத் தாண்டும். ஆனால் அதே அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய போர்ட் கார்களை மலிவாக வாங்கி, மட்காட்டையும் பொனற்றையும் கழற்றி எறிந்து, 'ஹொட் ரொட்' என்ற பெயரில் ஓடவிட்டார்கள். புது எஞ்சினுக்குப் பணம் இல்லாதவன் செய்யக்கூடிய முதல் வேலை எடையைக் குறைப்பது. எடை குறைந்தால் உள்ள எஞ்சினே போதும்.

இந்த உண்மையை எங்கள் சனம் வேறொரு வழியில் கற்றுக்கொண்டது. 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கிய பின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் கிடைக்காப் பொருட்களாயின. அப்போது ஓடியவை இந்தப் பழைய கார்கள்தான். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கறுப்புப் புகையும் மண்ணெண்ணெய் மணமும் எங்கள் தலைமுறையின் முதல் நினைவுகளில் சில. கர்ப்பிணிகளும் ஷெல்லில் காயப்பட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனது பல வேளைகளில் இப்படித்தான்.

இதற்குப் பின்னால் இருந்த காரணங்கள் எளியவை. அந்த எஞ்சின்களில் எரிபொருள் அமுக்கப்படும் விகிதம் குறைவு. ஆகவே தரம் குறைந்த எரிபொருளையும் ஓரளவு ஏற்றுக்கொண்டன. இலத்திரனியல் பாகம் எதுவும் இல்லை. பற்றரி செத்தால் முன்பக்கம் கம்பியைப் போட்டுச் சுற்றலாம். இவற்றோடு எடையையும் சேர்க்க வேண்டும். ஆரம்பகால மொறிஸ் மைனரின் வலு 30 குதிரைவலுவைத் தாண்டவில்லை. மண்ணெண்ணெயில் அதுவும் குறைந்துவிடும். மிஞ்சிய வலு 775 கிலோவை இழுக்கப் போதுமாக இருந்தது. எஞ்சின் நின்றாலும் நாலு பேர் இறங்கித் தள்ளினால் கார் நகர்ந்தது.

ஆனால் இந்த இடத்தில் பழம்பெருமையை நிறுத்திவிட வேண்டும். அந்தக் கார்கள் பாதுகாப்பானவை அல்ல. ஆசனப்பட்டி இல்லை, காற்றுப்பை இல்லை, மோதினால் ஸ்ரியரிங் தண்டு நெஞ்சில் வரும். 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம், 1959ஆம் ஆண்டுச் செவர்லே பெல்எயார் ஒன்றையும் 2009ஆம் ஆண்டுச் செவர்லே மலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டது. எடையில் இரண்டும் ஏறத்தாழச் சமம். பழைய காரின் சாரதி ஆசனம் இருந்த இடமே நசுங்கிப் போனது; அதில் மனிதர் இருந்திருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டார். புதிய காரில் இருந்தவருக்குக் காலில் காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவுதான். உயிரைக் காப்பது வடிவமைப்பே. இரும்பின் பாரம் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இன்று இறங்கும் வாகனங்களைப் பார்ப்போம். நடுத்தர மின்சார எஸ்யூவி ஒன்று 1,700 கிலோ அளவில் இருக்கிறது. அதன் பற்றரி மட்டுமே நூற்றுக்கணக்கான கிலோ. அரசியல்வாதிகளோடு சேர்த்தே எங்கள் மக்கள் அடையாளம் காணும் வீ8 லாண்ட் குறூசர் 2,500 கிலோவைத் தாண்டும். ஒரே வேகத்தில் வரும்போது, அது மோதும் சக்தி மொறிஸ் மைனரினதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். அதன் முன்பக்கமும் உயரம். உள்ளே இருப்பவருக்கு அந்தப் பாரம் ஒரு கவசம். வெளியே நிற்பவருக்கு அதே பாரம் ஆபத்து.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அவர்களில் பெரும்பங்கு. வன்னியில் ஏ9 வீதியோரமாகச் செயற்கைக் காலோடும் சக்கர நாற்காலியோடும் போகிறவர்களை நாம் தினமும் காண்கிறோம். போர் அவர்களிடமிருந்து எடுத்ததை எடுத்துவிட்டது. வீதியிலாவது அவர்களுக்குப் பாதுகாப்பான ஓர் ஓரம் வேண்டும்.

வீதிக்கும் எடை தெரியும். 1958 தொடக்கம் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த வீதிப் பரிசோதனையிலிருந்து பொறியியலாளர்கள் எடுத்த பொது விதி ஒன்று உண்டு: அச்சொன்றின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும். எங்கள் உள்வீதிகளைக் குழியாக்குவது கார்கள் அல்ல, மணலும் கல்லும் ஏற்றும் ரிப்பர்கள் என்பதற்கு இதுவே கணக்கு. காரை மட்டும் குற்றஞ்சாட்டி ரிப்பரை விட்டுவிடக் கூடாது. எடை என்ற அளவுகோல் இரண்டுக்கும் பொருந்தும்.

அப்படியானால் அரசாங்கம் எதை அளந்து வரி போடுகிறது? இறக்குமதியின்போது அறவிடப்படும் பெரிய வரி, பெற்றோல், டீசல் கார்களுக்கு எஞ்சின் கொள்ளளவையும், மின்கார்களுக்கு மோட்டாரின் கிலோவாற் வலுவையும் அடிப்படையாகக் கொண்டது. 2025இல் ஒரு தொகுதி மின்கார்களைச் சுங்கம் தடுத்து வைத்தபோது நீதிமன்றம் வரை போன தகராறும் இதுதான்: மோட்டார் 100 கிலோவாற்றா, 150 கிலோவாற்றா? வரி எதை அளக்கிறதோ அதைச் சுற்றியே வியாபாரம் வளையும். சீசீயை அளந்தால் சின்ன எஞ்சின் பூட்டிய பெரிய உடல் வரும். கிலோவாற்றை அளந்தால் அந்த எண்ணில் சண்டை வரும். இறக்குமதி வரி எடையை அளக்காத வரை, எடையைக் குறைக்க யாருக்கும் காரணம் இல்லை.

மற்ற நாடுகள் இதைக் கவனித்திருக்கின்றன. நோர்வே 2023இலிருந்து புதிய மின்கார்களுக்கும் 500 கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் வரி அறவிடுகிறது. பிரான்ஸ் 2022இல் 1,800 கிலோவுக்கு மேற்பட்ட கார்களுக்கு எடை வரி கொண்டுவந்து, 2024இல் அந்த எல்லையை 1,600 கிலோவாக இறக்கியது. ஜப்பானில் வாகன எடை வரி 1971இலிருந்தே நடைமுறையில் உள்ளது. அங்கு நீளம் 3.4 மீற்றர், எஞ்சின் 660 சீசீ என்ற எல்லைக்குள் நிற்கும் சிறு கார்களுக்குச் சலுகையும் உண்டு. அந்த விதிக்குள் பிறந்ததுதான் எங்கள் ஊர்களில் நிறையக் காணும் வகன் ஆர். அதன் எடை 800 கிலோ அளவு. அதாவது மொறிஸ் மைனரின் எடைதான். ஆனால் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிறேக்கும் உண்டு. இலேசாகவும் ஓரளவு பாதுகாப்பாகவும் கார் செய்யலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கார் பாரமாவதும் பாரமாகாமல் இருப்பதும் பெரும்பாலும் நாடுகள் போடும் விதிகளைப் பொறுத்தது.

புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணத்தில் கார் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் எதுவுமின்றி இருந்தவர்கள் ஒரு நல்ல வாகனத்தில் ஏற ஆசைப்படுவது இயல்பு. ஆனால் எங்கள் ஒழுங்கைகள் அகலவில்லை. பெற்றோல் இன்னும் டொலரில்தான் வருகிறது. 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்கள் தூரத்தில் இல்லை. அடுத்த நெருக்கடியில் அதிகம் குடிக்கும் வாகனமே முதலில் நிற்கும்.

ஆகவே, வடக்கு கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஒரு கேள்வியை எழுப்பலாம்: இறக்குமதி வரியின் ஒரு பகுதியை ஏன் எடையின் அடிப்படையில் அறவிடக்கூடாது? வாகன எடை பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. புதிதாக அளக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தின் ஒரு பங்கை வீதியோர நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் ஒதுக்குமாறு மாகாண நிர்வாகங்களும் கேட்கலாம். பாரமான வண்டியில் போகிறவர், அந்தப் பாரத்துக்கு முன்னால் நடந்து போகிறவருக்காகக் கொஞ்சம் கொடுக்கட்டும்.