ஆத்திரம் இங்கே சாட்டு அல்ல



வேலையிடத்தில் தேநீர் இடைவேளையில் நம்மவர் ஒருவர் சொன்னார்: "மனுசி வாய் காட்டினால் கை நீளும்தானே." எனக்குப் பகீரென்றது.

2008 ஜனவரியில் டுனீடின் நகரில் சோஃபி எலியட் என்ற மாணவியை முன்னாள் காதலன் குத்திக் கொன்றான். அவள் சினமூட்டியதால் நிதானம் இழந்தேன் என்று வழக்காடினான். யூரிமார் ஏற்கவில்லை; 2009இல் கொலைக் குற்றவாளி என்றார்கள்.

அந்தச் சாட்டு எடுபட்டிருந்தால் கொலை குறைந்த குற்றமாகியிருக்கும். செத்தவள் வந்து மறுமொழி சொல்வாளா? அந்த ஆண்டே பாராளுமன்றம் அந்த விதியை நீக்கியது.

இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் திடீர்ச் சினமூட்டலுக்கு இன்றும் இடமுண்டு. இங்கே அந்த நினைப்பு வேண்டாம். ஆத்திரம் வந்தால் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். சகோதரிகளே, அடி விழுந்தால் பொறுத்திருக்காமல் 111க்கு அழையுங்கள்.