அரை இன்ச் சமாசாரம்

ரெட்டியார்பாளையத்திலிருந்து இந்திரா காந்தி சிலையைச் சுற்றி ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் பறக்கும் சார்களே! மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பெல்ட்டில் எந்த ஓட்டை? ஒன்றில் மூச்சு முட்டும். அடுத்ததில் பேண்ட் இறங்கும். ஓட்டைக்கு ஓட்டை ஏறக்குறைய ஒரு இன்ச். தொப்பை கேட்பதோ அரை இன்ச்!

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைனுக்குத் தோளில் மாட்டும் வார் ஆகவே ஆகாதாம். இழுத்து மாட்டும் எலாஸ்டிக் பட்டை ஒன்றுக்கு 1871 டிசம்பர் 19-ல் பேடண்டே வாங்கிவிட்டார். பேண்ட்டில் எடுபடவில்லை, அந்த உத்தி பலித்தது பிரா கொக்கியில்! (எழுத்தாளர் பிழைப்பே இப்படித்தான்.)

நம்ம வியாபாரிகள் வேட்டிமேல் கட்டுகிற பச்சை பெல்ட் கெட்டிக்காரத்தனம். அகலம் கூடினால் அழுத்தம் பரவும், வயிற்றை வெட்டாது. ஆனால் பேண்ட் லூப்பில் நுழையாதே?

செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து, முதுகுப் பக்கம் நாலு விரல் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மேனேஜர் எதிரில்தானே நிற்பார், தெரியாது.