துப்பாக்கி லைசென்ஸ்: எத்தனை நாள் காத்திருப்பது?

மஸ்ஜித் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "தம்பி, துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டா எத்தனை நாள்ல கிடைக்கும்?"

ஏன் கேட்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்தது. 2025 அக்டோபரில் தங்கத்தின் விலை அவுன்சுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. முன்பு ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்த நகைக்கு இருந்த மதிப்பு, இப்போது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. திருடனுக்கும் அது தெரியும். இரவில் கடையைச் சாத்திவிட்டு கார் நிற்கும் இடம்வரை நடக்கும் ஐந்து நிமிடம்தான் அந்தத் தெருவில் பல வியாபாரிகளுக்கு நாளின் நீளமான நேரம். அந்தப் பெரியவரின் கடையில் வங்கிக்குப் பணம் கொண்டுபோவது மகனின் வேலை. "எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல தம்பி. அவன் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் மனசு நிக்க மாட்டேங்குது" என்றார்.

இந்தக் கேள்வியை நம்மில் பலர் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கிறோம். நாணய மாற்று வணிகர்கள், அடகுக்கடைக்காரர்கள், ஊர்ப்புறத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இது வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

நம் நாட்டில் சுடும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவது 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தோட்டா வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் போலீஸ் தலைவரின் முடிவு. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் உரிமையாக்கி வைத்திருக்கிறது. இங்கே அது உரிமை இல்லை, அனுமதி. கார் லைசென்ஸைப் போல வகுப்புக்குப் போய், சோதனையில் தேறி, கையோடு வாங்கி வருகிற விஷயமும் இல்லை.

ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. கேட்பவர் யார், அவர் மேல் வழக்கு உண்டா, வீட்டில் அடிதடி உண்டா, மனநிலை எப்படி, ஆயுதத்தை எங்கே பூட்டி வைப்பார், உண்மையிலேயே தேவை இருக்கிறதா? இவற்றை எல்லாம் ஒரு மேசையில் உட்கார்ந்தபடி அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ள முடியாது.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவிலேயே கதை இருக்கிறது. அங்கே கடையில் துப்பாக்கி வாங்கப் போனால், வாங்குபவரின் பின்னணியை எஃப்.பி.ஐ. சரிபார்க்கும். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்பது கூட்டரசுச் சட்டம். 2015 ஏப்ரலில் சவுத் கரோலினாவில் ஓர் இளைஞன் அப்படித்தான் வாங்கினான். அவன் மீது போதைப்பொருள் வழக்கு ஒன்று இருந்தது. அந்தப் பதிவு எந்தப் போலீஸ் நிலையத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்று நாள் முடிந்துவிட்டது. ஜூன் 17-ஆம் தேதி சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவர் வழிபடும் தேவாலயம் ஒன்றில் ஒன்பது பேரை அவன் சுட்டுக் கொன்றான். கெடு முடிந்தால் கொடுத்துவிடு என்ற ஒரு வரிக்கு என்ன விலை என்பதை அன்று உலகம் பார்த்தது.

சரி, நாளை நீட்டினால் மட்டும் போதுமா? போதாது. பிரிட்டனில் பிளிமத் நகரில் ஒருவரின் துப்பாக்கியையும் லைசென்ஸையும் போலீஸ் பறித்து வைத்திருந்தது. அவர் பிள்ளைகளை அடித்த புகார்தான் காரணம். மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு 2021 ஜூலையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகஸ்டு 12-ஆம் தேதி அதே துப்பாக்கியால் அவர் ஐந்து பேரைக் கொன்றார். அங்கே காலம் குறைவாக இருக்கவில்லை. அந்தக் காலத்துக்குள் செய்ய வேண்டிய விசாரணைதான் குறைவாக இருந்தது.

நம் வீட்டுக்குப் பக்கத்திலும் பாடம் உண்டு. 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியின் பெண் அதிகாரியை, அங்கே காவலுக்கு நின்ற பாதுகாவலரே சுட்டுக் கொன்றார். அவரிடம் இருந்த மைகார்டு போலி. அவர் மலேசியரே இல்லை. ஒரு மைகார்டைச் சரியாகப் பார்த்திருந்தால் அந்தக் கையில் துப்பாக்கியே போயிருக்காது. துப்பாக்கி விண்ணப்பம் தாமதமாகிறதே என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, அந்த அதிகாரியின் குடும்பத்தையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போனது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்கும் அனுமதிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டன. கோபம் தணியவும் விசாரணை நடக்கவும் அந்த 28 நாள். கூடவே இன்னொன்றையும் எழுதி வைத்தார்கள்: தற்காப்புக்காக வேண்டும் என்பது துப்பாக்கி வாங்க ஏற்கத்தக்க காரணம் ஆகாது. நம் நகைக்கடைப் பெரியவர் மெல்பர்னில் இருந்திருந்தால் "என் பாதுகாப்புக்கு" என்று எழுதியவுடனேயே விண்ணப்பம் நின்றிருக்கும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாமல் "எங்கேயாவது ஒன்று கிடைக்கும்" என்று குறுக்கு வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாமல் சுடும் ஆயுதம் வைத்திருந்தால், 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனைகள்) சட்டத்தின்படி 14 ஆண்டுவரை சிறை. குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. தற்காப்புக்குத்தான் வைத்திருந்தேன் என்றால் நீதிமன்றம் விட்டுவிடாது. இணையத்தில் வாங்கும் அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்தின் பிடிக்குள் வரும். இளைஞர்கள் இதை விளையாட்டாக நினைக்க வேண்டாம்.

இந்தக் குற்றத்தின் கனம் மலேசியத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு மரண தண்டனை என்று ஆங்கிலேய அரசு விதி செய்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மார்ச்சில் கைது செய்தார்கள். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. இந்தியாவிலிருந்து வந்த கருணை வேண்டுகோள்கள் பலிக்கவில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஓர் உயிரின் வழக்கு தொடங்கி முடிய இரண்டு மாதம்தான் ஆனது. அவசரகாலம் போய்விட்டது, அந்த விதியும் போய்விட்டது. ஆனால் கையில் லைசென்ஸ் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள தூரம் இந்த மண்ணில் இன்னும் பெரிய தூரம்தான்.

இவ்வளவும் சொன்னபின், காத்திருப்பவரின் பக்கத்தையும் பேசியாக வேண்டும். ஒருவர் நியாயமான வழியில் மனு கொடுக்கிறார். அவருக்குக் கஷ்டம் தருவது நாள் கணக்கைவிட, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான். மறுத்துவிட்டார்களா, விசாரணை நடக்கிறதா, ஏதாவது ஒரு தாள் குறைகிறதா என்று தெரியாவிட்டால் அவரால் வேறு ஏற்பாடும் செய்ய முடியாது. "லைசென்ஸ் வந்துவிடும்" என்று பாதுகாவலரை வைக்காமல் தள்ளிப்போடுவார். அந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது.

இதற்கு இந்தியா எழுத்தில் ஒரு வழி வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, விண்ணப்பதாரரைப் பற்றிய போலீஸ் அறிக்கை 30 நாளுக்குள் வர வேண்டும். அறிக்கை கிடைத்த 60 நாளுக்குள் லைசென்ஸ் அதிகாரி கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து மனுப் போடும் விவசாயிக்கும் இதே கணக்குத்தான். நடைமுறையில் இந்த நாட்கள் நீளும், வழக்கு உயர் நீதிமன்றம்வரை போகும் என்பது வேறு கதை. ஆனால் விதியில் தேதி இருப்பதால்தான் அந்த விவசாயி நீதிமன்றத்தில் போய் நிற்கவே முடிகிறது. கவனியுங்கள், அமெரிக்காவின் மூன்று நாளைப் போல "நாள் முடிந்தால் கொடுத்துவிடு" என்று அந்த விதி சொல்லவில்லை. "நாள் முடிவதற்குள் ஒரு முடிவைச் சொல்" என்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாம் கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான். நம் வணிகர் சங்கங்கள் "விரைவாகக் கொடுங்கள்" என்று மனு எழுதுவதைவிட, "இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேட்டால் அரசாங்கத்துக்கும் மறுக்கக் காரணம் இருக்காது.

கடைசியாக, லைசென்ஸ் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? தற்காப்பு உரிமையைக் குற்றவியல் சட்டம் 96-ஆம் பிரிவிலிருந்து பேசுகிறது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் கேடு செய்யக்கூடாது என்று 99-ஆம் பிரிவு எல்லையும் போடுகிறது. நகையை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால், மறுநாள் குற்றவாளிக் கூண்டில் நிற்பது கடைக்காரராகவே இருக்கலாம். அதுவும் சனிக்கிழமை மாலை மஸ்ஜித் இந்தியாவில், தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் கூட்டத்துக்கு நடுவே குறி தவறினால்?

ஆகவே மனுப் போடுபவர்கள் போடுங்கள். கொடுத்த நாளையும் வாங்கிக்கொண்டவர் யார் என்பதையும் குறித்து, நகலை வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை பணிவாக எழுதிக் கேளுங்கள், கேட்பது குற்றமில்லை. ஆனால் அந்தத் தாள் வரும்வரை வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டாம். வங்கிக்கு ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே வழி என்ற பழக்கத்தை இன்றே மாற்றுங்கள். பக்கத்துக் கடைகளோடு பேசி ஒரே நேரத்தில் கடையைச் சாத்துங்கள். நான்கு கடை சேர்ந்தால் உரிமம் பெற்ற பாதுகாவலர் ஒருவரின் சம்பளம் சுமையாகத் தெரியாது. டிக்டாக் நேரலையில் வளையலை அடுக்கிக் காட்டும் பிள்ளைகளிடம், பெட்டகம் இருக்கும் மூலையைப் பின்னணியில் காட்டாதே என்று சொல்லி வையுங்கள். இவற்றுக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். இன்று இரவே தொடங்கலாம்.