எந்தச் சாவுக்கு ஊர்வலம்?

அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதர் காவலரின் குண்டுக்குப் பலியாகித் தெரு கொதிக்கும்போதெல்லாம், தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: “அவர்களை அவர்களே தினமும் கொன்றுகொள்கிறார்களே, அதற்கு ஏன் ஊர்வலம் இல்லை?” கேட்பவர் பெரும்பாலும் ஆண். அந்தப் பகுதிகளில் அவர் கால்வைத்ததே இருக்காது. பதிலும் அவருக்குத் தேவையில்லை. எதிரே இருப்பவரின் வாய் மூடினால் போதும்.

எண்கள் அவர் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றும். 2019இல் அமெரிக்காவில் கொலையுண்ட கறுப்பினத்தவர் 7,400க்கும் மேல் என்று எஃப்.பி.ஐ. கணக்குச் சொல்கிறது. அதே ஆண்டில் காவலர்கள் சுட்டுக் கொன்ற கறுப்பினத்தவர் சுமார் 250 பேர். கொன்றவர் ஒருவர், இறந்தவர் ஒருவர் என்று தெளிவாகப் பதிவான வழக்குகளில், கறுப்பினத்தவரைக் கொன்றவர்களில் ஏறக்குறைய 89 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரே. இத்தோடு அவர் நிறுத்திக்கொள்வார். அதே அட்டவணையின் அடுத்த வரியை வாசிக்கமாட்டார். வெள்ளையரைக் கொன்றவர்களில் 79 விழுக்காட்டினர் வெள்ளையர். மனிதர்கள் பக்கத்தில் இருப்பவரைத்தான் கொல்கிறார்கள். இனம் பிரித்துக் குடியமர்த்தப்பட்ட நாட்டில் பக்கத்தில் இருப்பவர் சொந்த இனத்தவராகத்தான் இருப்பார். ஆனாலும் ‘வெள்ளையரை வெள்ளையர் கொல்லும் பிரச்சினை’ என்று ஒரு விவாத மேடை இதுவரை அமைந்ததில்லை.

தெருவில் சுட்டவன் பிடிபட்டால் சிறைக்குப் போவான். சீருடையில் சுட்டவர் சம்பளத்தோடு விடுப்பில் போவார். கொல்லப்பட்டவளின் தாயும் அந்தச் சம்பளத்துக்கு வரி கட்டியிருப்பாள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஊர்வலம் இல்லை என்பதே முதலில் பொய். 1979 ஜனவரி கடைசியில் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் இரண்டு கறுப்பினப் பெண்களின் உடல்கள் கிடந்தன. மே மாதம் முடிவதற்குள் அந்த நகரில் கொல்லப்பட்ட கறுப்பினப் பெண்களின் எண்ணிக்கை பன்னிரண்டு ஆனது. பெரிய நாளிதழ்களுக்கு முதலில் அது உள்பக்கத்துத் துணுக்குச் செய்தி. ஏப்ரல் 1 அன்று பல நூறு பேர் ஊர்வலம் போனார்கள். மேடையில் பேசிய ஆண்கள் இனவெறியைக் கண்டித்தார்கள். அதோடு, பெண்கள் தனியாக வெளியே போகவேண்டாம், ஆண்கள் துணைக்கு வரட்டும் என்று புத்தியும் சொன்னார்கள். கூட்டத்தில் நின்றிருந்த பார்பரா ஸ்மித்துக்கு அது பொறுக்கவில்லை. இறந்தவர்கள் கறுப்பினத்தவர் என்பதால் மட்டும் இறக்கவில்லை, பெண்கள் என்பதாலும்தான் இறந்தார்கள். இதை மேடையில் ஒருவரும் சொல்லவில்லையே என்பது அவர் கோபம். காம்பஹீ ரிவர் கலெக்டிவ் பெண்கள் சேர்ந்து ஒரு துண்டறிக்கை போட்டார்கள். ஆறு கறுப்பினப் பெண்கள் ஏன் இறந்தார்கள் என்பது அதன் தலைப்பு. அச்சுக்குப் போய் வருவதற்குள் ஆறு என்பது பழசாகிவிட்டது. அதை அடித்து ஏழு, அதையும் அடித்து எட்டு என்று எழுதவேண்டியிருந்தது. அடித்த கோடுகளோடேயே அதை ஊருக்குள் விநியோகித்தார்கள்.

அந்தத் துண்டறிக்கை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசியது. காவல்துறையையும் பத்திரிகையையும் நோக்கி, எங்கள் சாவை நீங்கள் சாவாகவே எண்ணவில்லை என்றது. சொந்த இயக்கத்து ஆண்களை நோக்கி, எங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வீட்டுக்குள் பூட்டாதீர்கள் என்றது. வீட்டுக்குள் இருப்பவனும் ஆண்தானே. தற்காப்புக்கான வழிகளும் உதவிக்கான இடங்களும் அதில் அச்சாகியிருந்தன. ஊர்வலம் ஏன் இல்லை என்று கேட்பவர்களின் கண்ணில் இந்த வரலாறு படாது. பட்டாலும் பிரயோசனமில்லை, அவர்களுடைய கேள்வியில் பெண் என்றைக்கும் இருந்ததில்லை. அவர்கள் மனதில் ஓடும் ‘அன்றாட வன்முறை’ என்பது தெருமுனை, கும்பல், போதைப்பொருள், கைத்துப்பாக்கியோடு இளைஞன். சமையலறை அதில் வராது.

2020இல் அந்த நாட்டில் ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு கறுப்பினப் பெண்களோ சிறுமிகளோ கொல்லப்பட்டார்கள். கொன்றவருக்கும் இறந்தவளுக்கும் என்ன உறவு என்று தெரியவந்த வழக்குகளில் பத்துக்கு ஒன்பதில், அவன் அவளுக்குத் தெரிந்தவன்: கணவன், காதலன், முன்னாள் காதலன், உறவினன். இது அன்றாட வன்முறை இல்லையென்றால் வேறு எது?

இனி நம் பக்கத்தையும் பேசவேண்டும். காவல் வன்முறைக்கு எதிராகக் கொதித்தெழும் நாமும் யாருக்காகக் கொதிக்கிறோம்? 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் தமீர் ரைஸை ஒரு காவலர் சுட்டுக் கொன்றார். உலகமே அந்தப் பெயரை அறிந்தது; அறியத்தான் வேண்டும். அதற்கு ஒன்பது நாள் முன்பு, அதே நகரில், அதே காவல்துறையினரின் பிடியில் தனிஷா ஆண்டர்சன் இறந்திருந்தார். வயது 37. மனநோய் இருந்தது. உதவி வேண்டும் என்று குடும்பத்தினர்தான் போன் போட்டு அழைத்தார்கள். வந்தவர்கள் அவரைத் தரையில் குப்புற அழுத்தினார்கள். மரணத்தைக் கொலை என்றே பிணக்கூறு மருத்துவ அலுவலகம் பதிவு செய்தது. ஒருவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. குண்டு பாயவில்லை, காணொளி பரவவில்லை, அதனால் பெயரும் பரவவில்லை.

சட்ட அறிஞர் கிம்பெர்லே கிரென்ஷா தம் கூட்டங்களில் ஒரு பயிற்சி செய்வதுண்டு. எல்லாரும் எழுந்து நில்லுங்கள், தெரியாத பெயர் வந்ததும் உட்காருங்கள் என்பார். எரிக் கார்னர், மைக் பிரவுன், தமீர் ரைஸ், ஃபிரெடி கிரே என்று ஆண்களின் பெயர்கள் வரும்வரை பாதிக்குமேல் நிற்பார்கள். மிஷெல் கஸோ என்றதும் நாற்காலிகள் சத்தம் போடும். ஃபீனிக்ஸ் நகரில் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட மிஷெலின் சவப்பெட்டியை அவருடைய தாய் நகர மன்றம்வரை ஊர்வலமாகக் கொண்டுபோனார். அதாவது, பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால்கூட நாம் பார்க்கவில்லை. ‘அவள் பெயரைச் சொல்’ என்ற முழக்கம் அங்கிருந்துதான் பிறந்தது. பிறகு அது சட்டைகளில் அச்சாகிற வாசகமாகவும் ஆனது, அது வேறு கதை. பிரியானா டெய்லர் 2020 மார்ச்சில் நள்ளிரவில் சொந்த வீட்டில் கொல்லப்பட்டார். மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்து தெருக்கள் நிறைந்த பிறகுதான் அவருடைய பெயர் கென்டக்கிக்கு வெளியே பரவலாகக் கேட்டது. அந்த ஆண்டு மாநில நீதிமன்றத்தில் ஒரே ஒரு காவலர்மீது குற்றச்சாட்டு பதிவானது. அதுவும் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்த குண்டுகளுக்காக.

‘காவல் வன்முறை என்றால் துப்பாக்கிச் சூடு’ என்ற வரையறையே ஆணின் உடலை வைத்து அளந்தது. ஒக்லஹோமா நகரக் காவலர் டேனியல் ஹோல்ட்ஸ்கிளாவுக்கு எதிராக நீதிமன்றத்தில் 13 பெண்கள் சாட்சி சொன்னார்கள். பழைய வழக்கு, போதைப் பழக்கம், பிடியாணை, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் ஏழைக் கறுப்பினப் பெண்களாகப் பார்த்து வண்டியை நிறுத்தி வன்புணர்ந்தவர் அவர். இவர்கள் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதுதான் கணக்கு. வழக்கமான எதையும் இழக்காத, அப்படியொரு பழைய வழக்கும் இல்லாத 57 வயதுப் பெண் ஒருவர் புகார் கொடுத்தபோதுதான் கணக்குத் தப்பியது. 2015 டிசம்பரில் 18 குற்றங்களில் தீர்ப்பு வந்தது, பிறகு 263 ஆண்டு தண்டனை. அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. காவலர் சூட்டில் இறந்தவர்களின் எந்தப் பட்டியலிலும் இந்தப் பெண்கள் இல்லை.

கறுப்பினப் பகுதிகளில் காவல் அதிகமா குறைவா என்ற வாதமும் இதனால்தான் எனக்கு அலுப்பூட்டுகிறது. இரண்டும் ஒரே கையின் வேலை. மீண்டும் கிளீவ்லாந்துக்கே போவோம். 2009இல் இம்பீரியல் அவென்யூவில் ஆன்டனி சோவெல் என்பவனின் வீட்டில் 11 கறுப்பினப் பெண்களின் சடலங்கள் கிடைத்தன. பாலியல் குற்றத்துக்காக 15 ஆண்டு சிறையில் இருந்து வந்தவன் அவன். அரசின் குற்றவாளிப் பதிவேட்டில் பெயர் இருந்தது. நாற்றம் வருகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னபோது, பக்கத்திலிருந்த இறைச்சிக் கூடத்தின்மேல் பழி போட்டார்கள். அவர்கள் சாக்கடைக் குழாயையே மாற்றிப் பார்த்தார்கள். 2008 டிசம்பரில் ஒரு பெண் அவனிடமிருந்து தப்பி இரத்தம் வழியக் காவலரிடம் வந்தார். அவருடைய சொல் நம்பத்தக்கதல்ல என்று வழக்கைக் கைவிட்டு அவனை விடுவித்தார்கள். அதன் பிறகும் அந்த வீட்டில் கொலைகள் நடந்தன. தெருவில் நிற்கும் பையனைச் சோதனை போட ஆள் இருந்த காவல்துறைக்கு, காணாமல்போன பெண்ணைத் தேட ஆள் இல்லாமல் போனது.

சரி, அவளே தன்னைக் காத்துக்கொண்டால்? ஃபுளோரிடாவில் மரிஸா அலெக்சாண்டர் 2010இல், அடிக்கப் பாய்ந்த கணவனை அச்சுறுத்த ஒரு குண்டு சுட்டார். யார்மேலும் படவில்லை. 20 ஆண்டு சிறை விதித்தார்கள். வழக்கு நடத்திய அதே அரசு வழக்கறிஞரின் அலுவலகம்தான் டிரேவான் மார்ட்டினைச் சுட்டுக் கொன்ற ஜார்ஜ் ஜிம்மர்மன்மீதும் வழக்கு நடத்தியது, அவர் விடுதலையானார். பல ஆண்டு மக்கள் போராட்டத்துக்குப் பிறகே மரிஸா சிறையிலிருந்து வெளியே வந்தார். காவலரை அழைத்தாலும் தப்பில்லை. மில்வாக்கி நகரில், ஒரே வீட்டிலிருந்து அடிக்கடி அவசர அழைப்பு வந்தால் வீட்டுச் சொந்தக்காரருக்கு ‘தொல்லை’ அறிக்கை அனுப்பும் சட்டம் உண்டு. மாத்யூ டெஸ்மண்ட் என்ற சமூகவியலாளர் அந்த அறிக்கைகளை ஆராய்ந்தார். ஏறக்குறைய மூன்றில் ஒன்று குடும்ப வன்முறை தொடர்பானது. கறுப்பினப் பகுதி வீடுகளுக்குத்தான் அதிகம் போயின. அறிக்கை கிடைத்த சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பெண்ணைக் காலி செய்யச் சொன்னார்கள் அல்லது சொல்வதாக மிரட்டினார்கள். அடி வாங்கினேன் என்று சொன்னதற்கு வீடு போனது.

இதில் பெண்ணியத்துக்கும் பங்குண்டு. பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் 1994இல் வந்தபோது, சிறைகளையும் காவலர் எண்ணிக்கையையும் பெருக்கிய குற்றச் சட்டத்தின் ஒரு பகுதியாகவே வந்தது. வெள்ளையின நடுத்தர வர்க்கப் பெண்ணியவாதிகளில் பலர் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். பெத் ரிச்சி போன்ற கறுப்பினப் பெண்ணியவாதிகள் எச்சரித்தது வேறு: புகார் வந்தால் கட்டாயம் கைது என்ற விதி, திருப்பி அடித்தவளையும் சேர்த்தே கைது செய்யும், தம்பியைச் சுட்டுவிடுவார்களோ என்று அஞ்சும் பெண் தன் கணவனுக்காகக் காவலரை அழைக்கமாட்டாள். குடும்ப மானம், இன மானம் என்ற இரண்டு பூட்டுகளும் அவள் வாயில்தான் தொங்குகின்றன. எங்கள் ஆண்களை ஏற்கெனவே சிறையில் அடைக்கிறார்கள், நீயும் காட்டிக்கொடுக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு, அவளை அடித்தவன் முதலில் இனத்தைக் காட்டிக்கொடுத்தான் என்று தோன்றுவதே இல்லை.

தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் 1985 தொடங்கி ஒருவன் கறுப்பினப் பெண்களைக் கொன்று சந்துகளிலும் குப்பைத் தொட்டிகளிலும் வீசிவந்தான். மார்கரெட் பிரெஸ்காட் முதலான பெண்கள் எண்பதுகளிலேயே ஒரு கூட்டமைப்பு வைத்துத் துண்டறிக்கை கொடுத்தார்கள், காவல்துறை வாசலில் நின்றார்கள். கொலையாளி ஒருவனே என்று காவல்துறைக்குத் தெரிந்த பிறகும் அந்தப் பகுதிப் பெண்களை எச்சரிக்கவில்லை. 2008இல் ஒரு வாரப் பத்திரிகை எழுதித்தான் விஷயம் வெளியே வந்தது. லானி ஃபிராங்க்ளின் 2010இல் கைதானான். அவன் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவன். ஒரு காலத்தில் காவல்துறை வண்டிக் கொட்டகையிலும் வேலை பார்த்தவன். 2016இல் பத்துக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றான். அவன் வீட்டில் பெண்களின் படங்கள் நிறையக் கிடைத்தன. யாராவது அடையாளம் சொல்லுங்கள் என்று காவல்துறை 180 படங்களை வெளியிட்டது. உயிரோடு இருந்த சிலர் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துச் சொன்னார்கள். சிலர் யார் என்று இன்னும் தெரியவில்லை.