“நல்லா ஓடுது” என்று எழுதி விற்கிறவர்களுக்கு



நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் வாசியுங்கள். கோபத்தில் எழுதக் கூடாது என்று மூன்று நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை.

பழைய டேப் ரிக்கார்டர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டி, ரிக்கார்டு பிளேயர் இதையெல்லாம் இப்போது செல்போனிலேயே விற்கிறார்கள், செல்போனிலேயே வாங்குகிறோம். நல்ல காரியம்தான். பரணில் தூசி தின்றுகொண்டிருந்த சாமான் வேண்டியவன் கைக்குப் போகிறது. என் புகார் வேறு. இந்த வியாபாரத்தில் ஒரு கூட்டம், பொய்யே சொல்லாமல் ஏமாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறது. பொய் சொன்னவனையாவது பிடித்துக் கேட்கலாம். இவர்களைக் கேட்டால், “நான் எங்கே சார் பொய் சொன்னேன்?” என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரிய காக்கா 1979-இல் சவூதிக்குப் போனவர். அன்றைக்கு நம் ஊரில் எத்தனை வீட்டில் போன் இருந்தது? கடிதம் போய்ச் சேரப் பதினைந்து நாள். உம்மாவுக்கு எழுதவும் வராது. யாராவது ஊரிலிருந்து பயணம் போனால், உம்மா கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார்கள். காக்கா அங்கிருந்து பேசி அனுப்புவார். காயல்பட்டினத்தில் கொழும்பு, ஹாங்காங், அரபு நாடு என்று ஆண்கள் வெளியே இருந்த பல வீடுகளில் இது சாதாரணம். 50 வயது தாண்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

காக்கா மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் அவர் மகள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே 11 கேசட். அதில் நான்கு உம்மா பேசியது. உம்மா போனது 1992-இல். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

வீட்டில் ஓடுகிற டேப் ரிக்கார்டர் கிடையாது. ஒரு விற்பனைச் செயலியில் தேடினேன். ஜப்பான் கம்பெனி கேசட் டெக், 6,500 ரூபாய். “நல்லா ஓடுது. ஹெட் புதுசு மாதிரி. வீடியோ அனுப்பப்படும்” என்று போட்டிருந்தது. வீடியோவும் வந்தது. பதினைந்து விநாடி. கேசட் சுற்றுகிறது, பாட்டுத் தெளிவாகக் கேட்கிறது. பணம் அனுப்பினேன். பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதிலெல்லாம் குறை இல்லை.

முதல் கேசட்டின் முதல் பக்கம் அருமையாக ஓடியது. உம்மா பேசுகிறார்கள். பின்னால் கோழி கத்துகிறது, கிணற்று ராட்டை கிறீச்சிடுகிறது, யாரோ ஒரு பிள்ளை அழுகிறது (என் மகளாக இருக்கும் என்று என் மனைவி சொல்கிறாள்). சாளை விலை, கூரை ஒழுகியது, எனக்கு உத்தியோகம் நிரந்தரமானது எல்லாம் சொல்கிறார்கள். காக்காவைப் பார்த்து, “நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும் வாப்பா, நீ நேரத்துக்குச் சாப்பிடுறதில்லை” என்கிறார்கள். நானும் மனைவியும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் பக்கம் முடியப்போகிற நேரத்தில் குரல் இழுத்தது. அப்புறம் நின்றது. திறந்து பார்த்தால் நாடா ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டு, கசங்கி, ஓரிடத்தில் அறுந்து கிடக்கிறது. நான்கு மீட்டர் இருக்கும். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்கு மீட்டர் என்பது 84 விநாடி. அந்த 84 விநாடியில் உம்மா என்ன சொன்னார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது.

37 வருஷம் பௌதிகம் நடத்தியவன் நான். திருகாணியைக் கழற்றிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இதைப் புரிந்துகொண்டால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

கேசட் செட்டில் நாடாவை இழுப்பது இரண்டு உறுப்புகள். ஒரு மெல்லிய எஃகுத் தண்டு சுழலும், அதை ஒரு ரப்பர் உருளை அழுத்தும். நாடா இரண்டுக்கும் நடுவே நசுங்கி ஒரே வேகத்தில் வெளியே வரும். வந்த நாடாவை வலப்பக்கச் சக்கரம் சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிற பெல்ட் தளர்ந்துவிட்டால், தண்டும் உருளையும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும், எடுத்துக்கொள்ள ஆள் இருக்காது. நாடா உள்ளே குவியும், உருளையில் சுற்றும். “டேப்பைத் தின்னுருச்சு” என்கிறோமே, அது இதுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கேசட்டின் ஆரம்பத்தில் வலச் சக்கரத்தில் நாடா குறைவு, சுற்றின் ஆரம் சிறியது. கொஞ்சம் விசை இருந்தாலே இழுத்துவிடும். முடிவில் நாடா சேர்ந்து ஆரம் பெரிதாகிவிடும். அதே முறுக்கு விசைக்கு இழுவை பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே தளர்ந்த பெல்ட் ஆரம்பத்தில் ஓடும், கடைசியில் கைவிடும். கேசட்டின் ஆரம்பத்தில் பதினைந்து விநாடி வீடியோ எடுத்தால் எந்தச் சீக்கு செட்டும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

விற்றவருக்கு இது தெரியாதா? தெரியும். திறந்து பார்த்தபோது ஒரு பெல்ட் மட்டும் புதிது. மற்றது பழையது, விரலில் தார் போல ஒட்டுகிறது. ஒன்றை மாற்றியவர் கண்ணில் இன்னொன்று படாமலா இருக்கும்? போன் செய்தேன். “ஓடுற வீடியோ அனுப்பினேனே சார், பழைய பொருள்னா அப்படித்தான்” என்றார். இரண்டாவது தடவை அழைத்தபோது என் எண்ணைத் தடுத்துவைத்திருந்தார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். குப்பைக் கேசட் ஒன்றை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் உம்மாவின் கேசட்டைப் போட்டிருக்க வேண்டும். அவசரப்பட்டேன். பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

என் மருமகன் ஒருவன் இந்தத் தொழிலில் இருக்கிறான். அவனிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவன் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “மாமா, 40 வருஷச் சாமானுக்கு எவன் கேரண்டி கொடுப்பான்? எல்லாக் குறையையும் எழுதிப்போட்டா ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

கேரண்டி கேட்டது யார்? அது நாளைக்கு ஓடுமா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு உனக்குத் தெரிந்ததைச் சொல் என்கிறேன். பழுது இருப்பது குற்றமில்லை, தெரிந்த பழுதை மறைப்பதுதான் குற்றம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய தந்திரம்.

நம் ஊர்க்காரர்கள் கல் வியாபாரத்துக்குப் பேர்போனவர்கள். என் தாய்மாமா ஒருவர் அந்தத் தொழிலில் இருந்தார். கல்லைக் கையில் கொடுக்கும்போதே, “இந்த ஓரத்தில் ஒரு கீறல் இருக்கு, லென்ஸை வச்சுப் பாருங்க” என்று தானே காட்டிவிடுவார். விலையில் கொஞ்சம் குறையும். ஆனால் அதே ஆள் அடுத்த கல்லுக்கு லென்ஸைக் கேட்க மாட்டார். நபிகள் நாயகம் (ஸல்) சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவத்தைச் சின்னப் பிள்ளையிலிருந்து மதரஸாவில் கேட்டு வளர்ந்தவன்தான் என் மருமகனும். அந்த வியாபாரியும் பொய் சொல்லவில்லையே! காய்ந்த தானியத்தை மேலே வைத்தார், அவ்வளவுதான். பதினைந்து விநாடி வீடியோவும் அதுதான்.

அந்தக் காலத்தில் மட்டும் எல்லோரும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. சென்னை பர்மா பஜாரில் ஜப்பான் செட் என்று வாங்கி வந்து, உள்ளே வேறு ஊர்ச் சரக்கைக் கண்டு தலையில் கைவைத்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. பம்பாய்ப் பக்கம் உல்லாஸ்நகரில் செய்ததை “யு.எஸ்.ஏ. தயாரிப்பு” என்று விற்றார்கள், கேட்டால் ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்றார்கள் என்று ஒரு பழைய வேடிக்கை உண்டு. ஆனால் அன்றைக்குக் கடையில் நின்று, பிளக்கைச் செருகி, பாட்டைப் போட்டு, நம் காதால் கேட்டு வாங்கினோம். இன்றைக்கு நம் காதும் கையும் விற்கிறவன் எழுதுகிற நாலு வரிதான். அதனால்தான் அந்த நாலு வரியில் நேர்மை முன்னைவிட அதிகம் வேண்டும் என்கிறேன்.

அந்த நாலு வரியின் பாஷையைப் பாருங்கள். “டெஸ்ட் செய்யவில்லை, கேசட் இல்லாததால்” என்றால் டெஸ்ட் செய்தாயிற்று, ஓடவில்லை என்று படிக்க வேண்டும். “பவர் ஆன் ஆகிறது” என்றால் விளக்கு மட்டும்தான் எரிகிறது. ஸ்பீக்கர் படத்தை முன்துணியோடு போட்டிருந்தால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கூம்பைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் வளையம் நம் உப்புக்காற்றில் தொட்டால் உதிரும். “5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.” என்று ஒட்டியிருப்பதைக் காட்டி விலை கூட்டுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கண நேர உச்சத்தை வைத்துத் தோன்றியபடி அச்சடித்த எண் அது. அந்தப் பெட்டிக்குள் 5000 வாட்ஸ் நிஜமாக ஓடினால் வீட்டு ஃபியூஸ் என்ன ஆகும் என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்வான்.

பித்தளைக் குழாய் வைத்த நாய்ப்பட கிராமபோன் பற்றித் தனியாகவே எழுதலாம். பழைய கைப்பெட்டி கிராமபோனின் மோட்டாரை எடுத்து, புது மரப்பெட்டியில் வைத்து, பளபளவென்று குழாய் மாட்டி, நூறு வருஷத்து ஹெச்.எம்.வி. என்று விற்பது நம் நாட்டிலிருந்து வெளிநாடு வரை போன வியாபாரம். அலங்காரத்துக்கு வாங்குகிறவன் வாங்கட்டும். 78 சுற்று ரிக்கார்டை அதில் போட்டால் ரிக்கார்டுதான் பாழ்.

இதைவிடக் கேவலம் ‘சிவப்புப் பாதரசம்’. பழைய வால்வு ரேடியோவில், மரப்பெட்டி டிவியில் அது இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று ஒரு புரளி நாடு முழுக்கச் சுற்றுகிறது. அப்படி ஒரு பொருளே கிடையாது. படித்த பிள்ளைகள்கூட எனக்கு அந்த வீடியோவை அனுப்பி, “உண்மையா சார்?” என்று கேட்கிறீர்கள். நான் என்ன பாடம் நடத்தினேன் என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

அப்பட்டமான திருடர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. “ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன்” என்பவனுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் விற்கும்போது ஒருவன் கட்டம் போட்ட படம் அனுப்பி, “ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வரும்” என்றால் உடனே வெட்டிவிடுங்கள். பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். வேடிக்கையாக, நம் நாட்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வந்ததும் 1930-இல்தான். வர்ணனையைச் சொல்லி விற்றால் பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அதன் 15-ஆவது பிரிவு சொல்கிறது. “பழைய பொருள்னா அப்படித்தான்” என்பதற்கு அதில் இடம் இல்லை. 6,500 ரூபாய்க்கு நான் கோர்ட்டுக்கு அலையப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மருமகன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு “கடைசி விலை என்ன?” என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்கள். வாங்கிப்போய், நல்ல உதிரியைக் கழற்றிக்கொண்டு, ஓடவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். குறையை எழுதி 3,000 சொன்னால், அதைக் காட்டியே 800-க்குக் கேட்கிறார்கள். உண்மை சொன்னவனுக்கு அபராதம் போட்டால் அடுத்த தடவை அவன் ஏன் சொல்வான்? வாங்குகிறவர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. செட்டோடு சேர்த்து “கேசட் 100 எண்ணம், மொத்தமாக 500 ரூபாய்” என்று விற்கிறார்களே, அதில் கைப்பட எழுதிய கேசட்டுகளையும் படத்தில் பார்த்தேன். ஒன்றில் “உம்மா – ரமலான் 86” என்று நீல மையில் எழுதியிருக்கிறது. யாருடைய உம்மாவோ. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளே, வாப்பாவின் அலமாரியை ஒழிக்கச் சொல்லும் முன் அந்த எழுத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். வாங்கி விற்கிறவர்களே, அப்படி ஒன்று கையில் வந்தால் கொடுத்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

என் டெக்குக்கு எல்லாப் பெல்ட்டும் ரப்பர் உருளையும் மாற்றியாகிவிட்டது. உம்மாவின் மற்ற மூன்று கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். நம் ஊரில் யாரிடமாவது இப்படிப்பட்ட கேசட் இருந்தால் அஸருக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஏற்றித் தருகிறேன். காசு வேண்டாம். இந்த வேலை முடிந்ததும் டெக்கை விற்றுவிடுவேன். விளம்பரத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்:

“கேசட் டெக். ஜப்பான். வயது 40 இருக்கும். எல்லாப் பெல்ட்டும், ரப்பர் உருளையும் போன மாதம் மாற்றியது. 90 நிமிடக் கேசட் இரண்டு பக்கமும் முழுதாக ஓடும், நேரில் வந்து கடைசிவரை கேட்கலாம், தேநீர் உண்டு. இடப்பக்கம் சத்தம் கொஞ்சம் குறைவு. பதிவு செய்யும் பொத்தான் சில நேரம் பிடிக்காது. மூடியில் ஒரு விரிசல். ஒரு கேசட்டைத் தின்றிருக்கிறது. விலை 4,000.”