ஒரே பெயர், வேறு மனிதர்

மின்னஞ்சலில் பெறுநர் கட்டத்தில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியதுமே கணினி சில பெயர்களை நீட்டுகிறது. முதலில் நிற்கும் பெயரைத் தொட்டு அனுப்பிவிடுகிறோம். எல்லோருக்கும் இது வசதிதான். ஆனால் தஞ்சைத் தரணியின் முஸ்லிம் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக ஓர் ஆபத்தும் இருக்கிறது.

கணினிக்கு ஆளைத் தெரியாது, எழுத்தைத்தான் தெரியும். நாம் தட்டியவை முகவரிப் புத்தகத்திலுள்ள பெயரோடோ மின்னஞ்சல் முகவரியோடோ பொருந்துகின்றனவா என்று பார்க்கும். பொருந்துவனவற்றுள் பெரும்பாலும் நாம் அடிக்கடி எழுதியவரை, அல்லது அண்மையில் எழுதியவரை மேலே நிறுத்தும். நாம் சேர்க்காதவர்களும் அதில் இருப்பார்கள். ஒருமுறை எழுதியவரைக்கூட ஜிமெயில் 'பிற தொடர்புகள்' பகுதியில் தானாகவே சேமித்துக்கொள்கிறது.

இனி நம் பெயர்களைப் பாருங்கள். நாகூர் நாயகத்தின் மீதுள்ள அன்பால் ஷாஹுல் ஹமீது என்று பெயரிடப்பட்டவர்கள் இப்பகுதியில் எத்தனை பேர்! முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் இரண்டாம் எழுத்தாக 'ஓ' இடுகிறார். இன்னொருவர் 'யு' இடுகிறார். 'ஓ' இட்டுத் தேடினால் 'யு' இட்டவர் வராமல், வேறொரு முஹம்மது வந்து நிற்பார். போதாக்குறைக்குக் கடவுச்சீட்டு வேறு. குடும்பப் பெயர் என்னும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லாததால் அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறோம். வளைகுடா அலுவலகத்தில் அதுவே ஆளின் பெயராகிவிடுகிறது. அண்ணனும் தம்பியும் அத்தாவின் பெயரிலேயே பட்டியலில் நிற்கிறார்கள்.

அரசுகளுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2014 நவம்பரில் பிரிஸ்பேன் ஜி20 மாநாட்டுக்கு முன்பு, ஒபாமா, புதின், மோடி உள்ளிட்ட 31 தலைவர்களின் கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, விசா விவரங்களை ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர், ஆசியக் கோப்பைக் கால்பந்து அமைப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டார். அவுட்லுக் தானாக நிரப்பிய முகவரியை அவர் சரிபார்க்கவில்லை.

நம் ஜமாஅத்துகளில் தலைவர்களின் கடவுச்சீட்டு இல்லை. ஸகாத் கோரியவர்களின் பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பொறுப்பாளருக்குச் செல்லவேண்டிய அப்பட்டியல், அதே பெயருடைய வேறொருவருக்குச் சென்றால்? அவர் அப்பட்டியலிலுள்ள ஒரு விதவைத் தாய்க்கு நாளை சம்பந்தியாகப் போகிறவராகவும் இருக்கலாம். வறுமையைப் பிறர் அறியாமல் காத்துவந்த அந்தத் தாயின் மானம் நம் கையிலுள்ள அமானிதம். கணினி காட்டியது என்பது அதற்குப் பதிலாகாது.

ஒரே பெயர் என்னும் சிக்கல் ஹதீஸ் கலை அறிஞர்களுக்குப் புதிதன்று. ஒரு பெயரில் இருவர் இருந்து, ஒருவருக்குப் பதில் மற்றவரைக் கொண்டுவிட்டால், பலவீனமான அறிவிப்பாளர் நம்பகமானவராகிவிடுவார். அதனாலேயே 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்றொரு தனித்துறை உண்டாயிற்று, ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அப்பெயரிலேயே நூலும் இயற்றினார்கள். கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் ஆறு பேரை இப்னு ஸலாஹ் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். அரபு அகராதிக் கலையின் முன்னோடியான பஸ்ரா அறிஞர் அவர்களுள் ஒருவரே. தந்தை பெயரும் ஒன்றாகவே இருந்ததால் ஊர், குன்யா, காலம், ஆசிரியர் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பிரித்தறிந்தார்கள்.

முகவரிப் புத்தகத்திலும் அதையே செய்யலாம். 'ஷாஹுல் ஹமீது' என்று மட்டும் சேமிக்காமல் 'ஷாஹுல் ஹமீது கூத்தாநல்லூர் பைத்துல்மால்' என்று சேமியுங்கள். ஊரில் ஆளை அடையாளம் காட்டும் வீட்டுப் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். அவர் கோபித்துக்கொள்ளாத பெயராக இருக்கட்டும்! ஜிமெயில் அமைப்பில், முகவரிகள் தானாகச் சேர்வதை நிறுத்தலாம். அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தை 30 வினாடி வரை நீட்டலாம்.

பள்ளிவாசல் அலுவலகக் கணினியை இதில் முதலில் கவனிக்கவேண்டும். நிர்வாகம் மாறும்போது சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்குகிறோம். மின்னஞ்சல் கணக்கு மட்டும் பழைய பெயர்களோடு அப்படியே கைமாறுகிறது. பொறுப்பிலிருந்து விலகியவரின் முகவரி, இரண்டெழுத்து தட்டியதும் இன்னும் முதலில் வந்து நிற்கிறது. புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும் நாளிலேயே அந்தப் பட்டியலைத் திறந்து, வேண்டாதவற்றை நீக்கிவிட வேண்டும்.