ஒரு பொருளாதார நூலும் நம் பேரேடும்

பிரெஞ்சுப் பேராசிரியர் தாமஸ் பிக்கெட்டி எழுதிய ‘இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்’ என்னும் நூல் 2013-இல் வெளியாயிற்று. மறு ஆண்டில் ஆங்கிலத்தில் வந்ததும் கதைப் புத்தகம் போல் விலை போயிற்று. அதையொட்டி எழுந்த சர்ச்சையில் கூட்டுறவு அன்பர்கள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு.

நூலின் சாரம் இது. சொத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து ஈட்டுகிறது. உற்பத்தியும் கூலியும் நூற்றுக்கு ஒன்றரையே உயர்கின்றன என்று கொள்வோம். ஈட்டியதைச் செலவிடாது சேர்ப்பவனின் சொத்து, உழைப்பவனின் வருமானத்தை வெகு தூரம் பின்னே விட்டுச் செல்லும். மூதாதையர் வைத்த பொருள் இன்றைய உழைப்பை வெல்லும். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளின் பழைய வரிப் பதிவேடுகளைக் கொண்டு ஆசிரியர் இதை நிறுவ முற்பட்டார்.

2014 மே மாதம் லண்டன் ‘பைனான்ஷியல் டைம்ஸ்’ பத்திரிகை அவருடைய கணக்கில் பிழைகள் உள்ளன என எழுதிற்று. சுவீடனில் 1920-க்கு எழுத வேண்டிய இடத்தில் 1908-ஆம் ஆண்டின் எண் பதிவாகியிருந்ததாம். பிரிட்டனில் மேல்தட்டுப் பத்து சதவிகிதத்தினரிடம் 71 சதவிகிதச் சொத்து இருப்பதாக நூல் கூற, அரசாங்கக் கணக்கெடுப்போ 44 சதவிகிதமே என்றது. நேரில் கேட்டு எழுதும் கணக்கெடுப்பில் பெருஞ்செல்வரின் சொத்து குறைவாகவே பதிவாகும் என்பது ஆசிரியரின் மறுமொழி. மூலதனத்தின் பங்கு உயர்ந்ததற்கு வீடுகளின் மதிப்பேற்றமே பெருங்காரணம் என 2015-இல் மாத்யூ ராங்லி என்னும் ஆராய்ச்சி மாணவர் வேறொரு ஆட்சேபணை எழுப்பினார்.

தணிக்கைக்குச் செல்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு பதிவு தவறு என்பதால் ஐந்தொகை முழுவதும் பொய்யாகிவிடாது. அதைத் திருத்தினால் முடிவு மாறுகிறதா என்பதே கேள்வி. சுவீடன் பிழையால் நூலின் முடிவு மாறாது. பிரிட்டன் எண் மாறினாலோ அந்நாட்டைப் பற்றிய முடிவு மாறும். இனி, உலகெங்கும் சொத்து வரி விதிக்க வேண்டுமென்று ஆசிரியர் கூறும் பரிகாரம் கூட்டல் கழித்தலால் தீர்வதன்று. அது நியாயத்தைப் பற்றிய விவாதம். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதாலேயே ஒரு சாரார் நூலைத் தலைமேல் வைத்தனர். மறு சாரார் குப்பையில் எறிந்தனர்.

இதில் நான் மெச்சுவது வேறொன்று. ஆசிரியர் தம் கணக்கேடுகளை யாவரும் பார்க்கும்படி முன்னரே வெளியிட்டிருந்தார். ஆகையால்தான் பிழை காண முடிந்தது. நம் சங்கங்களில் ஏடு இருக்கிறது, கேட்பவர்தாம் இல்லை. பேரவையில் தணிக்கை அறிக்கை வாசிக்கப்படும்போது கை தூக்குவதோடு பல அங்கத்தினர்களின் கடமை முடிந்துவிடுகிறது.

1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளர் பலரை உள்ளிட்ட முன்னோடிகள் சங்கம் கண்டபோது, மூலதனத்துக்கு அளவான வட்டியே கொடுத்து, மிஞ்சிய லாபத்தை அவரவர் கொள்முதலுக்கு ஏற்பப் பகிர்ந்தனர். நூலாசிரியர் எழுப்பும் கேள்விக்கு ஒரு கடையளவில் அவர்கள் கண்ட விடை அது. அடுத்த பேரவையில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து கேட்கட்டும்: சென்ற ஆண்டு லாபத்தில் பங்குத் தொகைக்குப் போனது எவ்வளவு? தறிக்கும் விளைச்சலுக்கும் வந்தது எவ்வளவு?